புழு வீட்டில் மூன்று நாள்

அத்தியாயம் 6

நாலு மணிக்குக் கல் திறப்பு. இப்போது மணி பதினொன்றே கால்.

ஹயாத் பாஷா ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை விரட்டிய விரட்டில் மாரண்டஹள்ளி ரோட்டுப் பள்ளம் ஒன்றுகூடத் தப்பவில்லை. பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அவனுடைய உதவியாளர் லூர்துமேரி, தன் இடுப்பு எலும்பு ஒன்று பாலக்கோட்டிலேயே கழன்று விழுந்துவிட்டதாகவும், திரும்பிப் போகும்போது அதைப் பொறுக்கிக்கொள்ள வண்டியை நிறுத்த வேண்டும் என்றும் காதருகில் கத்தினாள். வக்கீல் ஆபீசில் பத்து வருஷம் டைப் அடித்தவள். விரலைவிட வாய் வேகம். மற்ற நாளாக இருந்தால் பாஷா சிரித்திருப்பான். இன்று அவன் காதில் அது ஏறவே இல்லை.

எப்படி ஏறும்? சட்டைப்பையில் ஒரு சின்னப் புத்தகம் நெருப்புத் துண்டாகச் சுட்டுக்கொண்டிருந்தது. 'மைசூர் சமஸ்தானமும் நம் மண்ணின் தியாகமும்.' எழுதியவர் தியாகி வெங்கடாசலம். மாலை விழாவில்தான் வெளியீடு. அச்சகத்துக் கம்பாசிட்டரைக் கெஞ்சிக் கூத்தாடி முந்தின நாளே ஒரு பிரதி வாங்கி வந்திருந்தாள் மேரி.

கதை இதுதான். நாற்பத்தேழு ஆகஸ்டில் நமக்கெல்லாம் கொடி ஏறிவிட்டது. பக்கத்து மைசூர் சமஸ்தானத்தில் மட்டும் மகாராஜா, திவான், தர்பார் எல்லாம் அப்படியே இருந்தது. ஆட்சியை ஜனங்கள் கையில் கொடு என்று அங்கே கிளர்ச்சி கிளம்பியது. மைசூர் சலோ என்று அதற்குப் பேர். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து கன்னட நோட்டீஸ் கட்டுகளைத் தலைச்சுமையாகக் காட்டு வழியில் கொண்டுபோனார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து அப்படிப் போனவன் பெரியண்ணன், இருபத்திரண்டு வயசு. அவன் வரும் பாதையை யாரோ முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டார்கள். எல்லைச் சாவடியில் காத்திருந்து பிடித்தார்கள். அடித்த அடியில் மூன்றாம் நாள் செத்துப்போனான்.

பாதை தெரிந்தவர்கள் இன்னும் மூன்று பேர்தான். வெங்கடாசலம், சென்னப்பன், பட்டுக்கூடு வியாபாரி அப்துல் சுபான். சாவடிக்கு நடந்து போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் யார் கண்ணில் படவில்லையோ அவன்தான் துரோகி என்று ஊர் கணக்குப் போட்டது. வெங்கடாசலம், சமஸ்தானத்து ஆட்கள் தன்னைத் தேடியதால் சென்னப்பன் பட்டுப்புழு வளர்க்கிற புழு வீட்டில் ஒளிந்திருந்ததாகச் சொன்னார். ஆமாம், நானும் கூடவே இருந்தேன் என்றான் சென்னப்பன். நீ எங்கே போனாய் என்று சுபானைக் கேட்டார்கள். சுபான் வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே அவர் வீடு எரிந்தது. முதல் கொள்ளியை வைத்தவள் பெரியண்ணனின் தங்கை செல்லி. சுபான் பெண்டாட்டியையும் ஏழு வயசு மகனையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குப் போனார். மெத்தை தைத்துப் பிழைத்தார். 'காட்டிக் கொடுத்தவன்' என்ற பட்டத்தோடேயே கண்ணை மூடினார்.

அந்த ஏழு வயசு மகன்தான் இப்போது ராஜ்தூத்தில் போய்க்கொண்டிருக்கிறான்.

பதினெட்டு வருஷம் போலீஸ் உத்தியோகம், அப்புறம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் தொழில். எத்தனையோ பேருடைய வழக்கைத் துலக்கியாயிற்று, சொந்த அப்பன் வழக்கு மட்டும் அப்படியே கிடந்தது. பதினைந்து வயசில் ஒரு தரம் அப்பாவையே கேட்டான். "நான் இல்ல. அதுக்கு மேல கேக்காத" என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். அந்த மௌனத்துக்காக அப்பாவை வெறுத்தான். அந்த மௌனத்தில் குளிர்காய்ந்த வெங்கடாசலத்தை அதைவிட நூறு மடங்கு வெறுத்தான். அந்தக் கழுத்தை ஒரு நாள் தன் கைக்குள் பிடிக்க வேண்டும் என்று நினைக்காமல் அவன் தூங்கிய இரவு குறைவு.

இப்போது அந்த நஞ்சு கல்லிலும் ஏறிவிட்டது. கல்தச்சன் மாதுவின் பட்டறையில் நேற்று மேரி எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஆளுயரக் கருங்கல். அதில், 'அப்துல் சுபான் காட்டிக் கொடுத்ததால் பெரியண்ணன் உயிர்நீத்த மண் இது.' மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டு வாசலில் இன்றைக்கு அது நின்றுவிட்டால், பேரன் பேத்தி காலத்துக்கும் நின்றுவிடும்.

கையிலிருந்த பிடி ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தின் பதினாலாம் பக்கத்துப் புழு வீடு. சென்னப்பன் செத்து நாலு வருஷம் ஆகிறது. அவன் பெண்டாட்டி கண்ணம்மாள் மட்டும் புளியங்கொட்டாயில் இன்னும் புழு வளர்க்கிறாள்.

"அந்தம்மா நாப்பது வருஷமா பேசாதவங்க. இன்னிக்கு மட்டும் எதுக்குப் பேசப்போறாங்க?" என்றாள் மேரி.

"பேசலைன்னா, வெங்கடாசலத்தை மேடையிலயே ஒரு வழி பண்ணிட்டு ஜெயிலுக்குப் போறேன். நீ வந்து ஜாமீன் எடு."

"எடுக்கறேன் சார். போன மாசச் சம்பளத்தைக் குடுத்துட்டுப் போங்க."

புளியங்கொட்டாய் என்பது மொத்தமே ஒன்பது வீடு. மல்பெரித் தோட்டத்தை ஒட்டி நீளமாக ஒரு ஓட்டு வீடு நின்றது. ஜன்னலுக்கெல்லாம் வலை. உள்ளேயிருந்து சோவென்று ஒரு சத்தம் வந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மட்டும் எப்படி மழை பெய்கிறது என்று கேட்டாள் மேரி. ஆயிரக்கணக்கான புழு இலை தின்கிற சத்தம் அது என்று பாஷாவுக்குத் தெரியும். ஏழு வயசு வரைக்கும் கேட்ட சத்தம். பையிலிருந்து பீடியை எடுத்துப் பற்ற வைத்தான்.

ஒரு இழுப்புக்கூட முடியவில்லை. இலை வெட்டுகிற கத்தியும் கையுமாக ஒரு அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அறுபதை நெருங்கும் வயசு, ஒல்லி உடம்பு, விரலெல்லாம் பச்சைக் கறை.

"அதை ரோட்டுல போயி போட்டுட்டு வாங்க" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் கத்தி இறங்கவில்லை.

போட்டுவிட்டு வந்தான். அதோடு விட்டாளா? வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். சட்டை நாறுகிறது என்று சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டச் சொன்னாள். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்திருந்த தொட்டியில் இரண்டு பேரையும் காலை நனைக்கச் சொன்னாள்.

"சர்ச்சுக்குள்ள போறதுக்கே இவ்வளவு கழுவ வேண்டியதில்லீங்கம்மா" என்றாள் மேரி.

"சாமி பொறுத்துக்கும். புழு பொறுக்காது. பொகையில நாத்தம் பட்டாலே பச்சையாக் கக்கிட்டுச் சாயும். ஒரு பீடி போதும், ஒரு தட்டுப் புழுவே போயிடும்."

ஒரு கால் தொட்டிக்குள், ஒரு கால் வெளியே. பாஷா அப்படியே நின்றுவிட்டான். பிறகு கிளையில் தொங்கிய சட்டையிலிருந்து புத்தகத்தை உருவி, பதினாலாம் பக்கத்தை மேரியிடம் நீட்டிப் படிக்கச் சொன்னான். பனியனோடு நிற்கிற முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேரி படித்தாள்.

"'தோழர் சென்னப்பன் வீட்டுப் புழு மனையில், தட்டுகளுக்கு அடியில் மூன்று பகல் மூன்று இரவு கிடந்தேன். பசி தெரியாமலிருக்கப் பீடி ஒன்றே துணை. நாளுக்கு ஒரு கட்டு...'"

கண்ணம்மாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். மேரி படித்தாள். அந்த அம்மாள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, பாதியிலேயே வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

நாற்பத்தேழு புரட்டாசியில் புழு எப்படி இருந்தது என்று பாஷா கேட்டான். ஒரு புழு சாகவில்லை, அப்படியொரு கூடு அதற்கு முன்னும் பின்னும் இறங்கியதில்லை என்றாள் கண்ணம்மாள்.

"அப்போ தியாகி படுத்திருந்தது வேற ஏதாவது லோகத்துப் புழு வூடா இருக்கும் சார்" என்றாள் மேரி.

வெங்கடாசலத்துக்கு எப்படித் தெரியும்? புளியும் நிலக்கடலையும் வண்டி வண்டியாக வாங்கி விற்ற மனுஷர். புழுத் தட்டைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கமாட்டார். சென்னப்பன் உயிரோடு இருந்தவரை பொய் பிசகாமல் அவன் பார்த்துக்கொண்டான். அவன் போனபிறகு, புத்தகம் கொஞ்சம் வீரமாக இருக்கட்டும் என்று சொந்தக் கையால் பீடியைச் சேர்த்துவிட்டார்.

அவர் இல்லையென்றால் அந்த மூன்று நாளும் இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டான் பாஷா. கண்ணம்மாள் உட்கார்ந்து இலை வெட்ட ஆரம்பித்தாள். கட்டுக் கட்டாக வெட்டினாள். அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று மேரி நினைத்த நேரத்தில் தலையைத் தூக்கினாள்.

"நீங்க சுபான் பாய் மகனா?"

"ஆமாங்க."

"பாய் இருக்காரா?"

"போயிட்டாருங்க. ஆறு வருஷம் ஆச்சு."

கத்தி நின்றது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாஷா சொன்னான். மேடைக்கு வந்து அந்தப் பீடிக் கேள்வி ஒன்றை மட்டும் எல்லார் முன்னிலையிலும் கேட்டால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கேட்கும்போது அவனுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. அவ்வளவு வெறி அதில் இருந்தது. இது கடைசித் தீனி, இன்னும் இரண்டு நாளில் புழு கூடு கட்டிவிடும், இந்த நேரத்தில் யார் கையிலும் விட்டுவிட்டு வர முடியாது என்றாள் கண்ணம்மாள்.

அப்போதுதான் மேரி, நான் தீனி போடுகிறேன் என்று குறுக்கே விழுந்தாள். கண்ணம்மாள் அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். தலையிலிருந்த பூவை எடுக்கச் சொன்னாள், முகத்துப் பவுடரைக் கழுவச் சொன்னாள், பத்து விரல் நகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இப்படிப் பாக்கல சார்" என்றாள் மேரி, கழுவிய முகத்தோடு.

ஈர இலையைப் போடாதே, புழுவைக் கையால் தள்ளாதே, தட்டு நிறையப் பரப்பிவிட்டு உன் வேலையைப் பார் என்று மூன்று தரம் சொன்னபிறகுதான் கண்ணம்மாள் வண்டியில் ஏறினாள். ஏறும்போது பாஷாவிடம் சொன்னாள்:

"ஒரு கேள்வி போதாது தம்பி. ரெண்டு கேக்கணும்."

பஸ் ஸ்டாண்டு வாசலில் பந்தல். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஊரையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி போர்த்திய கல். அதை நிமிர்த்திச் சிமெண்டு பூசிவிட்டு, உளியும் சுத்தியுமாக ஓரமாக நின்றான் மாது. முன்வரிசை நாற்காலியில் துணியை விலக்கப்போகிற செல்லி, முழங்காலில் கைவைத்து நேராக உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்காகக் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவள். இந்த ஒரு நாளுக்காக நாற்பது வருஷம் காத்திருந்தவள்.

கதர் ஜிப்பாவும் வெள்ளைத் தலையுமாக வெங்கடாசலம் மைக்கைப் பிடித்திருந்தார். சென்னப்பன் பெண்டாட்டி வருவதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். தோழரின் துணைவியார் வந்திருக்கிறார், எனக்கு ஒளிய இடம் கொடுத்த மகராசி என்று மேடைக்குக் கூப்பிட்டுத் தம் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். கண்ணம்மாள் அதை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"என் புழு வூட்டுல மூணு நாள் படுத்திருந்தீங்களே. பீடி குடிச்சீங்களாங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நாளுக்கு ஒரு கட்டு. அதைக் குடிச்சிதானே உசுரோட கிடந்தேன்" என்றார் அவர், மைக்கில், கைதட்டலுக்கு ஒரு இடைவெளி விட்டு.

யாரும் தட்டவில்லை. பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அன்றைக்கும் புழு கிடந்தது. பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் அவனும் நிறுத்திக்கொண்டான். தியாகிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. தாம் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று மேடையில் இருந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஒரு விவசாயி எழுந்தார். "ஏம்மா, அந்தத் தடவை புழு செத்துச்சா?"

"ஒண்ணுகூடச் சாவலிங்க."

விவசாயி உட்கார்ந்துவிட்டார். இனி அந்த ஊருக்குச் சாட்சி வேண்டியதில்லை. பாஷா மேடைப் படியில் ஏறினான். முப்பத்தொன்பது வருஷம் உள்ளே காய்ந்தது இப்போது கைக்கு வந்துவிட்டது.

ஆனால் வெங்கடாசலம் லேசில் விழுகிற ஆள் இல்லை. சரி, நான் வேறு இடத்தில் ஒளிந்திருந்தேன், வயசாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்றார். அப்புறம் விரலைப் பாஷாவுக்கு நேராக நீட்டினார்.

"நான் அங்க இல்லைன்னா சுபான் நல்லவன்னு ஆயிடுமா? அந்த மூணு நாள் அவன் எங்க போனான்? இதோ அவன் மகன் நிக்கிறான். கேளுங்க."

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பாஷாவைப் பார்த்தது. செல்லியும் பார்த்தாள். அப்பா சொல்லவே இல்லையே. ஜெயித்த ஆட்டம் கண்ணெதிரே கைவிட்டுப் போனது. செத்துப்போன மனுஷர்மேல் அப்போது வந்த கோபத்தில் அவன் கண் கலங்கியது.

கண்ணம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது கேள்விங்க. அந்த மூணு நாளும் என் புருஷன் வூட்டுல இல்ல. உங்ககூடத்தான் கெளம்பிப் போனாரு. எங்கங்க போனீங்க?"

"சென்னப்பன் வீட்டுலதான் இருந்தான்."

"இருந்தாருன்னா, என் புழுவுக்கு எல போட்டது யாரு?"

வெங்கடாசலம் மைக்குக்குக் கை நீட்டினார், கண்ணம்மாள் விடவில்லை.

"கடைசித் தீனிங்க. ஒத்தைப் பொம்பளை. இருபது வயசு. எல பறிக்கறதா, வெட்டறதா, போடறதான்னு தெரியாம அழுதுக்கிட்டு நின்னேன். கூடு எப்ப எறங்கும்னு பாக்க சுபான் பாய் வந்தாரு. புழு பட்டினி கெடக்குதேம்மான்னு கத்தியை எடுத்து உக்காந்தாரு. மூணு பகல், மூணு ராத்திரி. அவர் எல வெட்டினாரு, நான் போட்டேன். என் புருஷன் திரும்பி வந்து பாத்தான். வாயைத் தொறந்தீன்னா உன்னையும் அவனையும் சேத்து ஊருக்குச் சொல்லுவேன்னான். பாய்கிட்டயும் அதையே சொன்னான். பாய் என்னை ஒரு தரம் பாத்தாரு. ஒண்ணும் பேசல. அவர் வூடு எரியறப்ப நான் கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

ஸ்பீக்கர் அதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் கடைத்தெருவுக்குச் சொன்னது. பாஷா படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அந்தக் கை அவன் கண்முன் வந்தது. முன்பின் உறவில்லாத ஒரு பெண்ணின் மானத்துக்காக அப்பா தன் பேரை விட்டுக்கொடுத்திருக்கிறார். இந்த மனுஷரையா இத்தனை வருஷம் வெறுத்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கட்டின அந்தாளுக்குச் சாவுற வரைக்கும் சோறு வட்டிச்சேன்" என்றாள் கண்ணம்மாள், இன்னும் மைக்கில். "ஒரு நாள்கூட சாப்பிடுங்கன்னு சொன்னதில்ல. தூக்கிட்டுப் போனப்ப அழல. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

வெங்கடாசலம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். இனிமேல் அவனுக்கு என்ன மரியாதை? எல்லைச் சாவடியில் தன் வண்டி இரண்டு சந்தனக்கட்டையோடு மாட்டிக்கிடந்தது, பாதையைச் சொன்னால் விடுவதாகச் சொன்னார்கள், அடித்தே கொல்லுவார்கள் என்று தனக்குத் தெரியாது என்று முனகினான். மைக் பக்கத்திலேயே இருந்தது. முனகலும் கடைத்தெருவுக்குப் போனது.

செல்லி எழுந்தாள். நேராக மேடைக்குப் போவாள் என்று நினைத்துக் கூட்டம் வழி விட்டது. அவள் படியில் உட்கார்ந்திருந்த பாஷாவிடம் வந்து நின்றாள்.

"உங்க வூட்டுக்கு மொதக் கொள்ளி வெச்சது நான்தான். தெரியுமா?"

"தெரியுங்க."

"நீ என்னை என்ன பண்ணினாலும் தகும். ஆனா மொதல்ல அவன்."

அவளையும் ஒரு காலத்தில் சபித்தவன்தான் பாஷா. இப்போது பார்த்தால், அவளிடம் எரிந்துகொண்டிருந்ததும் தன்னிடம் எரிந்ததும் ஒரே நெருப்பாக இருந்தது. தலையை மட்டும் அசைத்தான். செல்லி மாது கையிலிருந்த உளியையும் சுத்தியையும் வாங்கினாள், மேடையேறி வெங்கடாசலத்தின் மடியில் போட்டாள், கல்லைப் போர்த்தியிருந்த மஞ்சள் துணியை ஒரே இழுப்பில் இழுத்தாள். அந்தப் பேரை உன் கையாலேயே செதுக்கி எடு என்றாள்.

"பேரு இருக்கட்டும் செல்லி" என்றாள் கண்ணம்மாள். "காட்டிக் கொடுத்ததால்னு இருக்கே. அதை மட்டும் எடுக்கட்டும்."

யாராவது போலீசுக்குச் சொல்லி அனுப்பலாமே என்று மேடையில் ஒருத்தர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. இருநூறு பேர் கல்லைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். வெங்கடாசலம் எழுந்து வந்து மண்டிபோட்டான். முதல் அடி உளியில் விழாமல் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது அடியில் ஒரு சில்லு தெறித்தது.

மேரி இலையை வெட்டுகிறாளோ விரலை வெட்டிக்கொள்கிறாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டு கண்ணம்மாள் ஐந்தரை பஸ்ஸில் ஏறிப் போனாள். பாஷா போகவில்லை. மேடையிலிருந்த தியாகியின் நாற்காலியைக் கீழே இறக்கி, கல்லுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். பக்கத்தில் செல்லி தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

'காட்டிக்' என்பது உதிர்ந்து முடிந்தபோது வெங்கடாசலத்தின் ஜிப்பாவெல்லாம் கல் மாவு. விரல் கணு பிய்ந்து ரத்தம் வந்தது. சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்க, போதுங்களா பாய் என்று கேட்டான்.

பாஷா கல்லைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக எண்ணினான்.

"இன்னும் ஆறு எழுத்து இருக்குங்க" என்றான்.